மெடிக்கல் ஷாப் ஸ்பானிஷ்

மாட்ரிட் வந்து ரெண்டாவது மாசம். ரொட்டியும் சீஸுமா தின்னு தின்னு மூணு நாளா வயித்துக்கு போகல. இந்த ஊர்ல மாத்திரைன்னா ஃபர்மாத்தியா தான், சூப்பர்மார்க்கெட்ல ஒரு பாராசிட்டமால் கூட வாங்க முடியாது, அதனால பச்சை சிலுவை லைட்டு மின்னுற கடைய தேடி வெட்கத்த விட்டு உள்ள போயிட்டேன். இங்க்லீஷ்ல கான்ஸ்டிபேட்டட், அதுக்கு பின்னாடி ஒரு 'ஓ' போட்டா ஸ்பானிஷ் ஆயிடும்னு ஒரு நம்பிக்கை. "எஸ்தொய் கொன்ஸ்திபாதோ"ன்னு குரல தாழ்த்தி சொன்னேன். கவுண்டர்ல இருந்த அம்மா ரொம்ப பரிவா தலையாட்டி ஒரு டப்பா பவுடர் பாக்கெட் எடுத்து குடுத்தாங்க.

சுடுதண்ணில கலக்கி ரெண்டு நாள் குடிச்சேன். எலுமிச்சை வாசனை, நல்லா தூக்கம் வந்துச்சு, வர வேண்டியது மட்டும் வரல. மூணாம் நாள் டப்பாவ திருப்பி பாத்தா ஒருத்தன் மூக்கு சிந்திட்டு இருக்கான். கொன்ஸ்திபாதோன்னா சளி புடிச்சிருக்குன்னு அர்த்தமாம். மலச்சிக்கலுக்கு வார்த்தை எஸ்த்ரெஞீதோ. (நடுவுல அலையோட வர்ற அந்த 'என்' எழுத்து நம்ம ஞ தான், அப்படியே. இங்க்லீஷ்காரங்க அத 'ன்ய'ன்னு இழுத்து கஷ்டப்படுவாங்க.)

அன்னைக்கு புரிஞ்சுது, ஆஸ்பத்திரி ஸ்பானிஷுக்கு இங்க்லீஷ நம்பி போனா நடு ரோட்ல விட்டுட்டு போயிடும்னு. எம்பராத்தாதான்னா எம்பேரஸ்டு இல்ல, கர்ப்பமா இருக்கேன்னு அர்த்தம். பதினொண்ணுக்கு ஸ்பானிஷ்ல எழுதுற எழுத்தும் இங்க்லீஷ் 'ஒன்ஸ்'க்கு எழுதுற எழுத்தும் ஒண்ணே, ஸ்பானிஷ் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர் 'ஒன்ஸ் எ டே' லேபிள பாத்தா ஒரு நாளைக்கு பதினொரு மாத்திரைன்னு தானே எடுத்துப்பார். இதெல்லாம் கூட தப்பிச்சுக்கலாம். 1980-ல ஃப்ளோரிடாவுல நடந்தது அப்படி இல்ல. கியூபா குடும்பம், 18 வயசு பையன் திடீர்னு மயக்கத்துல போயிட்டான், வீட்டுக்காரங்க 'இந்தொக்ஸிகாதோ'ன்னு சொல்லிருக்காங்க. அவங்க பேச்சுல அது சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கலைங்கிற மாதிரி அர்த்தம். ஆஸ்பத்திரில அத இங்க்லீஷ் 'இன்டாக்ஸிகேட்டட்'னு நினைச்சு, போதை மருந்து ஓவர்டோஸ்னு எடுத்துக்கிட்டு அதுக்கு வைத்தியம் பாத்தாங்க. உண்மைல மூளைல ரத்தக்கசிவு. பையனுக்கு கை கால் நாலுமே போச்சு. கேஸ் சுமார் 7 கோடி 10 லட்சம் டாலர்ல முடிஞ்சுது, ஆனா பணத்த வச்சு என்ன பண்றது. ஒரே ஒரு வார்த்தை.

சரி, அப்புறம் எப்படி தான் படிக்கிறதுன்னு சாயங்கால கிளாஸ் ஒண்ணு சேந்தேன். டீச்சர் போர்டுல "மெ துவேலே லா கபேத்தா"ன்னு எழுதி, தலை வலின்னு சொல்லி, பக்கத்துல உக்காந்திருந்த அயர்லாந்து பையன் பேனாவ கடிச்சிட்டு யோசிக்கிறான், ஏன் 'நான்' இல்ல, ஏன் 'என் தலை' இல்லன்னு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. மெ-ன்னா எனக்கு, துவேலேன்னா வலிக்குது, லா கபேத்தான்னா தலை. எனக்கு தலை வலிக்குது! நாம என்ன 'நான் ஒரு தலைவலிய வச்சிருக்கேன்'னா சொல்றோம்? தலை தான் வலிக்குது, அது எனக்கு வலிக்குது. பிடிக்கும்ங்கிறதும் இதே கதை தான், மெ குஸ்தா, எனக்கு பிடிக்கும். டீச்சர் அரை மணி நேரம் விளக்குனத நம்ம ஊர் மூணு வயசு குழந்தை சொல்லிட்டு போயிடும்.

அதுலேர்ந்து தமிழ்ல யோசிச்சு தான் ஸ்பானிஷ் பேசுறேன். நீ நீங்க அங்கயும் உண்டு, தூ, உஸ்தெத், ஆனா மாட்ரிட்ல மருந்துக்கடை பொண்ணு கூட என்ன 'நீ'ன்னு தான் கூப்பிடுது, அது மரியாதை குறைவு இல்லன்னு மனசு ஒத்துக்க ஆறு மாசம் ஆச்சு. வெறும் வயித்துல சாப்பிடணும்னா 'என் அயூனாஸ்'. நம்ம சீட்டுல காலை மதியம் ராத்திரின்னு 1-0-1 போடுவாங்க, இங்க 'காதா ஓச்சோ ஓராஸ்', எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. ராத்திரி சாப்பாடே பத்து மணிக்கு சாப்பிடுற ஜனங்ககிட்ட சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னா எந்த சாப்பாடுன்னு தெரிய வேண்டாமா, அதனாலயோ என்னவோ. மருந்து சீட்டுக்கு ரெத்தேத்தா, சமையல் குறிப்புக்கும் அதே ரெத்தேத்தா தான். ஒரு ஏப்ரல்ல கண்ணு அரிச்சு தும்மலா வந்து நின்னப்ப "ப்ளாத்தனோ"ன்னு சொன்னாங்க, வாழைப்பழமா, நான் தினம் ரெண்டு சாப்பிடுறேனேன்னு பயந்துட்டேன். ரோட்டோரம் நிழலுக்கு நட்டிருக்கிற ஒரு மரத்துக்கும் அதே பேராம், அதோட மகரந்தம் தான் வசந்த காலத்துல பாதி மாட்ரிட்ட தும்ம வைக்குது.

போன வருஷம் அம்மா மூணு மாசம் வந்து இருந்தாங்க. சுகரும் பிபியும் உண்டு, கூடவே முட்டி வலி. நான் முன்னாடியே சொல்லிட்டேன், நம்ம ஊர் கம்பெனி பேர் இங்க யாருக்கும் தெரியாது, மாத்திரைக்குள்ள இருக்கிற மருந்து பேர எழுதிட்டு வாங்கன்னு. மெட்ஃபார்மின் இங்க மெத்ஃபொர்மினா, அம்லோடிபின் அம்லோதிபினோ, வாலு தான் மாறும். ஆனா ரெண்டுக்கும் ரெத்தேத்தா வேணும், ஆன்டிபயாடிக் கேட்டா கதவ காட்டிடுவாங்க. ஐபுப்ரோஃபென் 400 சும்மா குடுப்பாங்க, 600-ன்னா சீட்டு. டோலோ 650 போட்டு வளந்தவங்களுக்கு ஒரு வார்த்தை மட்டும் மறக்கவே மறக்காது, வலிக்கு ஸ்பானிஷ்ல தொலோர்.

ஃபர்மாத்தியால "ஆ மி மாத்ரே லே துவேலென் லாஸ் ரொதீயாஸ்"னு சொன்னேன், எங்க அம்மாவுக்கு முட்டி வலிக்குது, 'முட்டி'யும் 'வலிக்குது'வும் மட்டும் இடம் மாறிக்கும். ஒரு களிம்பு குடுத்தாங்க. அப்புறம் அந்த பொண்ணு அம்மாவ பாத்து தென்ஸியோன் எடுக்கவான்னு கேட்டுது. பிபிக்கு இங்க அது தான் பேரு. அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் காதுல விழுந்து, "ஆமாம்மா, டென்ஷன் தான், இவன் கல்யாணத்துக்கு ஒத்துக்க மாட்டேங்குறான்"னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்த பொண்ணு சீரியஸா கேட்டுட்டே கைல பட்டிய சுத்துது. 150-க்கு 90. நான் எதையும் மொழிபெயர்க்கல.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்கு இருமல் நிக்கவே இல்ல. அந்த நேரத்துக்கு குவார்தியான்னு முறை போட்டு ஒரு கடை திறந்திருக்கும், எதுன்னு மத்த கடை கதவுல ஒட்டிருப்பாங்க. தேடி புடிச்சு போனா ஷட்டர் போட்டிருக்கு, நடுவுல சின்ன ஜன்னல். பெல் அடிச்சேன், தூக்கக் கலக்கத்துல ஒருத்தர் வந்து கேட்டது ஒரே கேள்வி: தோஸ் ஸேக்காவா, கோன் ஃப்ளேமாஸா? நம்ம தெரு முனை மெடிக்கல் அண்ணன் இத்தனை வருஷமா கேட்ட அதே கேள்வி, வறட்டு இருமலா, சளி இருமலா. வறட்டு இருமல்னேன். ஒரு பாட்டில நீட்டுனார். அப்ப தான் ஞாபகம் வந்து, அம்மாவுக்கு அத்தூகர் இருக்குன்னேன். இங்க வயசானவங்களும் அப்படி தான் சொல்லுவாங்க, 'சர்க்கரை இருக்கு'ன்னு. அவர் பாட்டில உள்ள இழுத்துக்கிட்டு சர்க்கரை போடாத வேற ஒண்ணு குடுத்தார்.

சிரப்புக்கு ஸ்பானிஷ்ல ஹராபே. அரபில குடிக்கிறதுக்கான சொல்லுலேர்ந்து வந்தது, நம்ம சர்பத்தும் அங்கேர்ந்து தான். இதெல்லாம் அம்மாகிட்ட சொல்லிட்டே அளந்து ஊத்துனேன். அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு என்ன சந்தேகமா பாத்தாங்க.

"இனிக்குதேடா. சர்க்கரை இல்லன்னு சரியா தான் சொன்னியா?"