மேஜிக் ஷோவுக்குத் தனியாளாக இசை போடுவது: லேப்டாப், ரிமோட், இதுவரை செய்து பார்த்தவை

மேடையில் நான் ஒருவன்தான். பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, குடியிருப்புச் சங்கத்துப் பொங்கல் விழா என்று கிடைக்கிற இடங்களில் முக்கால் மணி நேர மேஜிக் ஷோ. உதவியாளர் கிடையாது, ஆனால் இசை வேண்டும், அதுவும் சரியான நொடியில் வேண்டும். துணியை உதறும்போது விழ வேண்டிய தாளத்தட்டுச் சத்தம் ஒரு நொடி தள்ளி விழுந்தால், பார்க்கிறவர் கண்ணும் ஒரு நொடி தள்ளி வேறு எங்கோ போய்விடுகிறது, வித்தையின் பாதி பலம் அங்கேயே போய்விடும்.

இங்கே வழக்கம் என்னவென்றால், மைக் செட்காரரிடம் பென்டிரைவைக் கொடுத்து, "அண்ணே, நான் வலது கையைத் தூக்குனதும் மூணாவது பாட்டைப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு மேடை ஏறுவது. அவரும் "சரி தம்பி, பாத்துக்கலாம்" என்பார், நன்றாகவே பார்த்துக்கொள்ளவும் செய்வார். ஆனால் அவருக்கு அடுத்து பேசப் போகிற விருந்தினரின் மைக், கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரி, ஊளையிடும் ஸ்பீக்கர், இதெல்லாம் அதே நேரத்தில் இருக்கிறது. என் நிகழ்ச்சியை அவர் முன்னால் பார்த்ததும் இல்லை. பொத்தான் என் உடம்பில் இருந்தால்தான் சரிப்படும் என்று தோன்றி இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் எல்லோரிடமும் இருக்கிற பிரசன்டேஷன் ரிமோட். லாஜிடெக் ஆர்400 வகை. இது கணினிக்கு ஒரு சின்ன விசைப்பலகை மாதிரிதான் தெரியும், அதனால் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், அதோடு வரும் டாங்கிளை, அதாவது சின்ன யூஎஸ்பி ரிசீவரை, செருகினால் போதும். முன்னே போகும் பொத்தான் பேஜ் டவுன், பின்னே போவது பேஜ் அப், திரையைக் கறுப்பாக்குவது புள்ளி விசை. இன்னொரு பொத்தான் எஃப்5, எஸ்கேப் இரண்டையும் மாறி மாறி அனுப்பும். கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஆப்பிள் கணினியில் நாடகக்காரர்கள் ஒலி ஓட்டப் பயன்படுத்தும் கியூலேப் மென்பொருளில் எஸ்கேப் என்றால் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். கைதவறி அழுத்தினால் மொத்த ஒலியும் அடங்கிவிடும். எந்த ரிமோட் வாங்கினாலும் ஒவ்வொரு பொத்தானும் என்ன விசையை அனுப்புகிறது என்று முதலில் சோதித்துவிட்டு, வேண்டாத பொத்தான்களை உள்ளிருந்தே செயலிழக்கச் செய்துவிடுங்கள்.

மென்பொருளுக்கு ஆரம்பத்தில் பவர்பாயிண்டே போதுமாக இருந்தது, ஸ்லைடுக்கு ஒரு ஒலி என்று வைத்தால் பேஜ் டவுன் அழுத்த அழுத்த வரிசையாக ஓடும். ஆனால் ஒன்று மெல்ல அடங்கும்போதே அடுத்தது எழ வேண்டும், ஒரு துண்டு திரும்பத் திரும்பச் சுழல வேண்டும் என்றெல்லாம் வந்ததும் அது தாங்கவில்லை. கியூலேப் அருமையானதுதான், இரண்டு சேனல் ஒலிக்கு இலவசமாகவே கிடைக்கும், ஆனால் ஆப்பிளில் மட்டும்தான் ஓடும். என்னிடம் இருப்பது உபுண்டு போட்ட பழைய லேப்டாப். அதில் லினக்ஸ் ஷோ பிளேயர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது, ஒலிகளை வரிசையாக அடுக்கி, ஒரே ஒரு 'கோ' விசையால் ஒவ்வொன்றாக நகர்த்தலாம். எனக்கு அது போதும்.

அப்புறம் சிக்னல். இந்த ரிமோட்டுகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. வைஃபை, புளூடூத் எல்லாமும் அங்கேதான் இருக்கின்றன. பெட்டியில் 15 மீட்டர் என்று போட்டிருப்பது காலியான அறைக்குச் சரி. மண்டபம் நிரம்பியதும் நிலைமை வேறு, மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும், போதாததற்கு எல்லார் கையிலும் போன். இதோடு பலருக்குத் தெரியாத இன்னொன்று, யூஎஸ்பி 3 துளையும் அதில் ஓடும் ஹார்ட் டிஸ்க் கேபிளும் இதே 2.4 அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். இன்டெல்லே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. லேப்டாப்பின் பக்கவாட்டில் டாங்கிளை நேரடியாகச் செருகினால் அது இரைச்சலின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரை வாங்கி, டாங்கிளை ஒரு மைக் ஸ்டாண்டின் உச்சியில் தலை உயரத்துக்குக் கட்டி, மேடையைப் பார்க்க வைத்ததும், அதே ரிமோட் அதே மண்டபத்தில் தடுமாறாமல் வேலை செய்தது. காசைக் கொட்டி வேறு ரிமோட் வாங்கும் முன் இந்த வயரை வாங்கிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம், லேப்டாப்பை மண்டபத்தின் கடைசியில் இருக்கும் மிக்ஸர் பக்கத்திலிருந்து எடுத்து மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் கொண்டுவந்ததுதான். ரேடியோ கடக்கும் தூரம் குறுகலாக இருக்கட்டும், வயர் நீளமாகப் போகட்டும். லேப்டாப்பிலிருந்து டிஐ பாக்ஸ் (ஒலியை நீள வயருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக, வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிளில் அனுப்பினால் 50 மீட்டர் போனாலும் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸாக இருந்தால் இன்னொரு நன்மை, லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் வரும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' சத்தமும் அடங்கிவிடும், ஏனென்றால் அது பெரும்பாலும் எர்த் வழியாகச் சுற்றி வருவதுதான்.

ஆனால் பிரசன்டேஷன் ரிமோட் மேஜிக்குக்கு ஒத்துவரவில்லை. கை காலியாக இருக்கிறது என்று காட்டுவதுதான் என் தொழில், அந்தக் கையில் கறுப்புக் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிக் காட்டுவது. சட்டைப் பையில் வைத்தால் நீளம் துருத்துகிறது.

அதனால் கேட், ஷட்டருக்கு வைப்பார்களே, அந்தச் சாவிக்கொத்து அளவு 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு மாறினேன். இதில் இருக்கும் ஈவி1527 வகைச் சிப்பில் 20 பிட் எண் பதிந்தே வரும், பத்து லட்சத்துக்கும் மேல் வேறுபாடுகள், என் ரிமோட்டின் எண்ணை மட்டும் ஏற்றுக்கொள் என்று சொல்லிவிட்டால் பக்கத்து வீட்டு கேட் ரிமோட் என் நிகழ்ச்சியில் கை வைக்காது. சிக்னலைப் பெறும் பக்கத்துக்கு ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற, நிரல் எழுதிப் போடக்கூடிய சின்னப் பலகை. அதில் இருக்கும் ஏடிமெகா32யூ4 சிப் கணினிக்குத் தன்னை விசைப்பலகையாகவே காட்டிக்கொள்ளும், இன்னொரு ஆர்டுயினோவான ஊனோ பலகையில் இது நேரடியாக முடியாது. ரிசீவரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மிக மலிவாக வரும் சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை எல்லா இரைச்சலையும் கேட்கும், சூப்பர்ஹெட் வகை கொஞ்சம்தான் விலை கூட, ஆனால் தன் அலைவரிசையை மட்டும் பார்க்கும். ஆன்டெனாவுக்கு 17.3 சென்டிமீட்டர் சாதாரண வயர், அலைநீளத்தில் கால்வாசி. ஆர்சி ஸ்விட்ச் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு எண்ணைப் படித்துத் தந்துவிடும், நான் எழுதிய நிரல் மிகச் சின்னது.

அதில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ரிமோட் அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருக்கும், ஆகவே முதல் முறை வந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த ஒரு நொடிக்கு எதையும் ஏற்காமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். கியூலேப்பில் இதே பாதுகாப்பு அமைப்பிலேயே உண்டு, மேடைப் பதற்றத்தில் விரல் இரண்டு முறை அழுத்துவது எல்லாருக்கும் நடப்பது என்பதால்தான். இன்னொன்று, எண் வந்து சேர்ந்ததும் பலகையில் ஒரு சிவப்பு எல்ஈடி மின்னும், அதை என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மேடையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். சத்தமாகத் தொடங்கும் இசை என்றால் காதே சொல்லிவிடும். மெல்ல எழும் இசைக்கு இந்த விளக்கு இல்லாமல், போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற சந்தேகத்தோடு முகத்தில் சிரிப்பை வைத்துக்கொள்வது கஷ்டம்.

கோட்டின் உள்பக்கம் இடது இடுப்புக்கு மேல் ஒரு சின்னப் பை தைத்து ரிமோட்டை வைத்திருக்கிறேன். நான்கு பொத்தானில் இரண்டுதான் உயிரோடு இருக்கின்றன, ஒன்று 'கோ', இன்னொன்று எல்லாவற்றையும் மெல்ல அடக்குவது, அதன் மேல் பசைத்துளி ஒன்று ஒட்டியிருப்பதால் விரல் தடவியே தெரிந்துகொள்ளும். குனியும்போது தானாக அழுந்தாமலிருக்கச் சுற்றிலும் ஸ்பாஞ்ச் வளையம். கை அங்கே போவதற்கு ஒரு காரணம் வேண்டும், இது கருவி சம்பந்தப்பட்டதே இல்லை, வித்தை சம்பந்தப்பட்டது. கோட்டின் முனையைச் சரிசெய்வது, கைக்குட்டையை எடுப்பது என்று நிகழ்ச்சியிலேயே அந்த அசைவுகளைத் தொடக்கத்திலிருந்தே பழக்கிவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே மெல்லிய தாமதம் ஒன்று உண்டு. அழுத்துபவனும் அசைபவனும் நானே என்பதால் அது ஒரு தொந்தரவாகவே இல்லை, ஒலி எப்போது விழும் என்று எனக்குத் தெரியும், அதற்கேற்ப துணியை உதறுகிறேன்.

இவ்வளவும் சொன்னாலும், ரிமோட் விஷயம் இதில் சின்னப் பங்குதான் என்பதே என் அனுபவம். இசையை எப்படித் துண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த அந்த மேடையில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பல தாளக் கருவிகளில் சத்தங்கள் எழுப்பும் 'ஆல்ரவுண்ட்' வாசிப்பவரும் மேடையோரத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். நடிகர் வசனத்தை நீட்டினால் ஆர்மோனியம் காத்திருக்கும், பபூன் கீழே விழுந்தால் அதே நொடியில் அடி விழும். அவர்கள் நடிகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நடிகர் இசையைத் துரத்த வேண்டியதே இல்லை. ஓர் எம்பி3 பாட்டைப் போட்டுவிட்டு அதன் வேகத்துக்கு ஓடுகிற மேஜிக்காரரைப் பாருங்கள், எதிர்மாறாக இருக்கும். குழந்தை ஒன்று மேடைக்கு வர வெட்கப்பட்டு நிற்கும், இசை உச்சத்துக்குப் போய் முடிந்தே விடும்.

ஆகவே என் ஒவ்வொரு வித்தைக்கும் இசை மூன்று துண்டு. நுழைவு, காத்திருப்பு, அடி. நுழைவு முடிந்ததும் தானாகவே காத்திருப்புக்குப் போய்விடும், அது எட்டுத் தாளச் சுற்று கொண்ட ஒரு துண்டு, நான் 'கோ' அழுத்தும் வரை சுழன்றுகொண்டே இருக்கும். குழந்தை வெட்கப்படட்டும், பெயர் கேட்கலாம், பின்வரிசையில் யாரோ கேலி செய்தால் பதில் சொல்லலாம், இசை அங்கேயே நிற்கும். அழுத்தியதும் அடி விழும், அதே நேரத்தில் காத்திருப்பு அரை நொடியில் மறையும். சுழற்சியின் எந்த இடத்தில் வெட்டுப்பட்டாலும் அடியின் சத்தம் அந்த ஒட்டுத் தெரியாமல் மூடிவிடுகிறது. சுழலும் துண்டுகளை எம்பி3 ஆக வைக்காதீர்கள், அந்த வடிவமே தொடக்கத்தில் துளி அமைதியைச் சேர்த்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். வேவ் கோப்பாக, ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடம் பார்த்து வெட்டினால் சுத்தமாகச் சுழலும். எல்லாத் துண்டுகளையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவருவதும் அங்கேயே செய்துவிடலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு மாறியபின் என் நிகழ்ச்சியே நிதானமாகிவிட்டது. முன்பு ஓடிக்கொண்டிருந்த இடங்களில் இப்போது நின்று பார்வையாளர் கண்ணைப் பார்க்க முடிகிறது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே செய்யலாம்.

லேப்டாப்பைத் தயார்செய்வது அலுப்பான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். உறக்கம், திரை அணைவு, அறிவிப்புகள், கணினியின் சொந்தச் சத்தங்கள், வைஃபை, எல்லாம் அணைப்பு. திரையில் எழுத்து பெரிதாக, மேடையிலிருந்து ஒரு பார்வையில் அடுத்தது என்ன என்று தெரிய வேண்டும். மாற்று ஏற்பாடாக, அதே துண்டுகள் அதே வரிசையில் என் போனில் இருக்கின்றன, அது மிக்ஸரின் வேறொரு சேனலில் செருகப்பட்டிருக்கும். மைக் செட் அண்ணனிடம் இப்போது கேட்பது ஒன்றுதான். "அண்ணே, சத்தம் நின்னு நான் நெஞ்சுல கை வச்சா, நாலாவது சேனலைத் தூக்கிட்டு போன்ல பிளே அழுத்துங்க." அவருக்கும் இது நிம்மதி.

இப்போது நடப்பது விளக்கு வேலை. மண்டபங்களில் தொங்கும் எல்ஈடி பார் விளக்குகளின் பின்னால் பெரும்பாலும் டிஎம்எக்ஸ் துளை, அதாவது விளக்கைக் கட்டுப்படுத்தும் சிக்னலுக்கான துளை, இருக்கும், ஒரே கேபிளில் 512 சேனல் வரை போகும், கியூஎல்சி பிளஸ் என்ற திறமூல மென்பொருளும் ஒரு யூஎஸ்பி மாற்றியும் இருந்தால் இதே லேப்டாப்பிலிருந்து ஆட்டுவிக்கலாம். சிக்கல் எங்கே என்றால், விசைப்பலகை விசை எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் போகும், ஒலிக்கும் விளக்குக்கும் ஒரே அழுத்தில் போகாது. அதனால் புரோ மைக்ரோவை விசைப்பலகை வேடத்திலிருந்து மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) கருவி வேடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மிடி செய்திக்கு முன்னால் எந்த ஜன்னல் என்ற கவலை இல்லை, இரண்டு மென்பொருளும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்ளும். வீட்டில் ஒரே ஒரு பார் விளக்கை வைத்துப் பார்த்ததில் அடியும் வெளிச்சமும் சேர்ந்தே விழுகின்றன. நீளமான டிஎம்எக்ஸ் வரிசையின் கடைசி விளக்கில் சிக்னல் திரும்பி எதிரொலிக்காமலிருக்க 120 ஓம் டெர்மினேட்டர் போட வேண்டும், அதைச் சால்டர் செய்து வைத்தாயிற்று. இனி ஒரு மண்டபத்தில் காலையிலேயே போய், விருந்தினர் வருமுன், அங்கிருக்கும் விளக்குகளின் முகவரிகளை, அதாவது எந்த விளக்கு எந்த சேனலில் இருக்கிறது என்பதை, குறித்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.