கஞ்சி குடிச்சு சுகர் ஏத்திக்கிட்ட கதை

நமக்கு ஊரு செங்கோட்டை. வெளியூர்ல போய் சொன்னா "ஓ, குத்தாலம் பக்கமா"ம்பாங்க, ஆமான்னு சொல்லிட்டு வந்துருவேன், எதுக்கு பெரிய விளக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க மலையாள ராஜ்ஜியத்துல இருந்தவங்க, அப்ப எல்லை பிரானூர்ல. எல்லை அங்கருந்து நகந்து புளியரைக்கு மேல மலைக்குப் போயி எவ்வளவோ காலமாச்சு, ஆனா பிரானூர நாங்க இன்னமும் பார்டர்னுதான் சொல்லுவோம், பரோட்டா கடையெல்லாம் அங்கதான். இத எதுக்கு சொல்லுதேன்னா எங்க வீட்டு வைத்தியத்துலயும் இப்படி ஒரு பார்டர் கெடக்கு. ஒரு பக்கம் எங்க ஆச்சி சொல்லிக்குடுத்துட்டுப் போனது, இன்னொரு பக்கம் கேரளாவுல புனலூர்ல கட்டிக்குடுத்த அக்கா அங்கருந்து கொண்டாந்து சேக்குறது. நடுவுல நானும் என் சுகரும்.

நமக்கு ஆடி பொறந்தா மலையாளத்துக்காரங்களுக்கு கர்க்கடகம் பொறக்கும், ஒரு நாள் முன்னப்பின்ன இருக்கும் அவ்வளவுதான், மாசம் ஒண்ணுதான். கொல்லம் ஆண்டுங்கிற மலையாள வருசக் கணக்குல அதுதான் கடைசி மாசம், அடுத்தது சிங்க மாசம், ஓணம். அந்தக் காலத்துல மழை விடாம கொட்டி வேலையும் இல்லாம நெல்லும் இல்லாம கெடந்த மாசம்கறதால பஞ்ச மாசம்னு ஒரு பேரு உண்டு. வேலையில்லாத மாசத்துல ஒடம்பப் பாத்துக்கிடுவோம்னு யாரோ ஒரு புத்திசாலி யோசிச்சிருக்கான் பாருங்க, அத நினைச்சாதான் எனக்கு ஆச்சரியமா இருக்கும். எண்ணெய் தேய்ப்பு, சூடான எண்ணெயத் துணில முக்கி ஒடம்புல பிழியுற பிழிச்சல், கஞ்சி எல்லாம் அந்த மாசத்துலதான். ஆயுர்வேதக்காரங்க மழைக்காலத்துல வாதம் ஏறும், வயித்துல அக்னி கொறையும்பாங்க. எங்க ஆச்சி அக்னின்னெல்லாம் சொல்ல மாட்டா. "ஆடில வயிறு மந்தம்ல, ரசம் ஊத்தித் தின்னுட்டு எந்திரி"ன்னு சொல்லுவா. ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குப் புரியவே நாப்பது வயசாச்சு.

அந்தக் கஞ்சியப் பத்தி சொல்லணும். அடிப்படை ஞவரை அரிசி, செவப்பா சின்னதா இருக்கும், அறுபது நாள்ல வெளையுற நெல்லு. அதுல வெந்தயம், சீரகம், சுக்கு, ஆசாளி, குறுந்தோட்டி வேரு, இன்னும் தசபுஷ்பம்னு பத்து செடி, அவங்கவங்க வீட்டு வழக்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும் கொறையும். கடைசில தேங்காப்பாலு, வேணும்னா கருப்பட்டியோ வெல்லமோ. ஏழு நாள் குடிக்கிறவங்க உண்டு, பதினாலு நாள் உண்டு, மாசம் பூரா குடிக்கிறவங்களும் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலா குடிக்கணும், அது முக்கியம், சாப்பாட்டுக்கு மேல இல்ல. இங்க செய்யலாம்னு பாக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், ஆசாளின்னு கேட்டா நம்ம ஊரு மளிகைக் கடையில ஆளிவிதைய கட்டிக்குடுத்துருவாங்க, அது வேற இது வேற. ஆசாளி தண்ணில போட்ட கொஞ்ச நேரத்துல கொழகொழன்னு ஆயிரும், சின்ன செவந்த விதை. நான் ஒரு வருசம் ஆளிவிதையப் போட்டு கஞ்சி வச்சு அம்மாகிட்ட வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

எங்க வீட்ல ஆடி மாசச் சண்டை ஒண்ணு உண்டு, முருங்கைக்கீரை. புனலூர்ல கர்க்கடகத்துல பத்திலைத் தோரன்னு பத்து வகை எலையப் பறிச்சு சமைப்பாங்க, தகரை, மூக்கிரட்டை, மத்தன் எலை, சேம்பு எலைன்னு என்னெல்லாமோ, ஆனா முருங்கை எலைய மட்டும் தொட மாட்டாங்க. அந்த மாசம் அதுல விஷம் ஏறும்னு ஒரு பேச்சு. இங்கயோ ஆடில கூழுக்கு முருங்கைக்கீரைதான் ஜோடின்னு தமிழ்நாட்ல பாதி ஊர்ல திங்குறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அக்கா வந்து "கர்க்கடகத்துல முருங்கையா, எடா பாவி"ன்னு கத்துவா, அம்மா "ஆமா, நீ பொறந்ததுல இருந்து இதத்தான தின்ன"ன்னு பதிலுக்கு நிப்பா. எனக்கென்னமோ அந்த விஷக் கதைல நம்பிக்கை இல்ல. ஆனா மழைக்காலத்துல கீரைய நல்லாக் கழுவாம சமைச்சா வயிறு கெடும், அதுல ஆரம்பிச்ச பேச்சா இருக்கலாம்னு எனக்குத் தோணும்.

சரி, என் கதைக்கு வாரேன். எனக்கு சுகர் வந்து ஆறு வருசம். ஜெராக்ஸ் கடைல ஒக்காந்தே வேலை, ராத்திரி கடைய சாத்திட்டு பார்டர்ல பரோட்டா, வராம என்ன செய்யும். காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மெட்ஃபார்மின் மாத்திரை ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு வருசம் முன்ன ஒரு திருவிழாவுல கூடாரம் போட்டு ஒருத்தர் பொடி வித்தாரு, "பதினஞ்சு வகை மூலிகை, நாப்பத்தெட்டு நாள், அதுக்கப்புறம் மாத்திரையே வேண்டாம்"ன்னு மைக்குல சொல்லுதாரு. டப்பால பேரு தவிர ஒண்ணுமில்ல, லைசென்ஸ் நம்பர் இல்ல, என்ன சேத்திருக்குன்னு இல்ல. படிச்சவன்தான் நானு, ஆனா அந்த நேரத்துல மாத்திரை தின்ன சலிப்பு ஒண்ணு இருக்கு பாருங்க, சுகர் உள்ளவங்களுக்குத் தெரியும், அந்த சலிப்பு என்னை வாங்க வச்சிருச்சு. மாத்திரைய நிறுத்தினேன். வீட்ல சொல்லல.

அதே சமயம் ஆடி வந்துச்சு, அக்கா கஞ்சி மருந்து குடுத்துவிட்டா. கேஎஸ்ஆர்டிசி பஸ்ல தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து அனுப்புவா, ஒவ்வொரு வருசமும் இப்படித்தான். நான் என்ன நினைச்சேன்னா, இதுல வெந்தயம் இருக்கு, வெந்தயம் சுகருக்கு நல்லது, அப்ப எவ்வளவு குடிச்சாலும் நல்லதுதானன்னு காலைல ஒரு கிண்ணம் ராத்திரி ஒரு கிண்ணம், ராத்திரி கிண்ணத்துல கருப்பட்டி வேற, கருப்பட்டி நாட்டுச் சர்க்கரைதான அது ஒண்ணும் செய்யாதுன்னு. மருந்துன்னு பேரு வச்சுட்டா அரிசி அரிசியாவே இல்லாம போயிருமா, யாரு கேட்டா அந்த நேரத்துல. எட்டாவது நாளு ராத்திரி நாலு தடவ எந்திரிச்சு போனேன், தாகம் தாங்கல, கண்ணு மங்கலா இருக்கு. என் பொண்டாட்டி "ஏங்க, மாத்திர டப்பா அப்படியே கெடக்கு, எத்தன நாளா போடல"ன்னு கேட்டா பாருங்க, அதுக்கு மேல மறைக்க முடியல. காலைல லேப்ல வெறும் வயித்துல 284. மூணு மாசத்து கணக்கு சொல்லுற ஹெச்பிஏ1சி 9.6.

அக்காவுக்கு போன்ல சொன்னப்ப அவ சிரிச்சா, அப்புறம் திட்டினா, அப்புறம் ஒரு மலையாளப் பழமொழி சொன்னா, "குறுந்தோட்டிக்கும் வாதமோ"ன்னு. குறுந்தோட்டி வாத நோய்க்கு மருந்து, அதுக்கே வாதம் வந்தா என்ன செய்யன்னு அர்த்தம். கஞ்சி குடிச்சு படுத்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இங்கிலீஷ் டாக்டர் மாத்திரைய திரும்ப ஆரம்பிச்சு ஒண்ணு கூட்டினாரு, அதோட விட்டாரு. ஆனா எனக்கு மனசு கேக்காம அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்கும் போனேன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரில படிச்ச டாக்டரம்மா, அந்தக் காலேஜ் 1964லருந்து இருக்கு. நான் ஏதோ சூரணம் குடுப்பாங்கன்னு போறேன், அவங்க மொதல்ல கையப் பிடிச்சு நாடி பாத்தாங்க, ஒடனே "லேப் ரிப்போர்ட் எங்க"ன்னு கேட்டாங்க. பொடி டப்பாவப் பாத்துட்டு மூக்குல கூட வைக்கல, தூர வச்சாங்க. இப்படி லேபிள் இல்லாத பொடில சிலதுல ஸ்டீராய்டு இருக்கும், சிலதுல இங்கிலீஷ் சுகர் மாத்திரையவே இடிச்சுப் போட்டிருப்பாங்க, பஸ்பம் செந்தூரம்னு பாதரசம் சேந்த மருந்த எல்லாம் முறையா படிச்சவங்க கையாலதான் வாங்கணும்னாங்க. சுகர குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதே 1954ம் வருசச் சட்டப்படி குத்தமாம், அத அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். "கஞ்சி குடிங்க, வேண்டாங்கல. சின்ன கிண்ணம், கருப்பட்டி இல்லாம, தேங்காப்பாலு கொறைச்சு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலா. மாத்திரைய நிறுத்தாதீங்க. நான் குடுக்கிறத அந்த டாக்டர்கிட்டயும் அவர் குடுக்கிறத என்கிட்டயும் சொல்லணும்"ன்னாங்க. இவ்வளவுதான் வைத்தியம்.

வேர் எலை காச்சுறதுலயும் ஒரு கணக்கு இருக்குன்னு அவங்க சொன்னதுதான் எனக்குப் பிடிச்சது. 2012ல கடையநல்லூர் பக்கமெல்லாம் டெங்கு வந்து ஆட்டின ஆட்டத்துல எங்க தெருவுல நிலவேம்பு குடிநீர் ஊத்தினாங்க, நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகுன்னு ஒம்பது சரக்கு, நாலுல ஒண்ணா வத்தணும். எங்க வீட்ல அத டீ மாதிரி ஒரு கொதி விட்டு எறக்கிட்டு கசக்கலையே நல்லாருக்கேன்னு குடிச்சோம். அக்கா மகன் பி.ஃபார்ம் படிக்கான், அவன் சீனாக்காரி கதை ஒண்ணு சொன்னான். தூ யூயூன்னு ஒரு அம்மா, மலேரியாவுக்கு அவங்க ஊரு பழைய மருத்துவச் சுவடிய தேடிப் பாத்துருக்காங்க. செடியக் கொதிக்க வச்சா மருந்து வேலை செய்யல, சுவடில பச்சத் தண்ணில ஊறவச்சுப் பிழின்னு இருக்கே, அப்ப சூடுதான் கெடுக்குதுன்னு யோசிச்சு சூடு கொறைச்சு எடுத்துருக்காங்க, அதுக்கு 2015ல நோபல் பரிசு. "மாமா, அவங்க சுவடியையும் நம்புனாங்க, எலில சோதிச்சும் பாத்தாங்க"ன்னான். பய நல்லாப் பேசுறான்.

அத்தான் விஷயமும் அப்படித்தான். புனலூர்ல அவருக்கு ரப்பர்த் தோட்டத்துல வேலை, மழைக்காலம் பூரா சேத்துலயும் தண்ணிலயும்தான். எலிக்காய்ச்சல் பயம், அதனால வாரத்துக்கு ஒருக்கா டாக்சிசைக்ளின் போடச் சொல்லி அங்க சுகாதாரத்துறைலயே குடுப்பாங்க. அவரு மாத்திரையும் போட்டுக்கிட்டு ராத்திரி கஞ்சியும் குடிச்சுட்டு உச்சந்தலைல ராஸ்னாதி பொடியும் தேச்சுக்கிட்டுப் படுப்பாரு. ரெண்டும் சண்டை போடாதான்னு கேட்டதுக்கு "ஏன் போடணும்"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல.

இப்ப நான் என்ன செய்றேன்னு கேட்டா பெருசா ஒண்ணுமில்ல. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கேன். தேரையர் சித்தர் நாலு நாளுக்கு ஒருக்கா எண்ணெய் முழுக்கு சொல்லிருக்காரு, நாலு மாசத்துக்கு ஒருக்கா பேதி, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாந்திக்கு மருந்தும்பாரு, அதெல்லாம் என்னால ஆகாது, சுகர் உள்ளவன் சொந்தமா பேதிக்கு சாப்பிடவும் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிச்சுட்டாங்க. நல்லெண்ணெய்ல ரெண்டு மிளகப் போட்டுக் காச்சி ஆச்சி தேய்ச்சுவிட்ட மாதிரியே, காலுக்குக் கீழ உள்ளங்கால் வரைக்கும். சுகர்க்காரனுக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னா எண்ணெய் தேய்க்கிற அன்னைக்குத்தான் பாதத்த முழுசாப் பாக்கேன். போன மாசம் குதிகால்ல ஒரு வெடிப்ப அப்படித்தான் கண்டுபிடிச்சேன், வலிக்கவே இல்ல, தெரிஞ்சிருக்காது. தண்ணிய கொதிக்க வச்சு அதுல அக்கா குடுத்த பதிமுகம்ங்கிற மரக்கட்டை ஒரு துண்டு, ரோஸ் கலர்ல இருக்கும், கடைக்கு வர்ற பிள்ளைங்க ஜூஸா அங்கிள்னு கேக்கும். காலைல குண்டாறு ரோட்ல நாப்பது நிமிசம் நடை, சாரல் அடிச்சா கொடையோட. பரோட்டா மாசத்துக்கு ஒண்ணு, பொய் சொல்லல, ரெண்டு. போன தடவ வெறும் வயித்துல 126 வந்துச்சு, ஹெச்பிஏ1சி 7.1.

இந்த வருசம் பஸ்ல வந்த பார்சல்ல ரெண்டு பொட்டலம் இருந்துச்சு. ஒண்ணுல "அம்மாவுக்கு", இன்னொண்ணுல மார்க்கர் பேனால பெருசா "இவனுக்கு, கருப்பட்டி போட்டா கைய ஒடி"ன்னு என் பொண்டாட்டிக்கு எழுதியிருந்தா. ரெண்டாவது ஆடி வெள்ளிக்கு அக்காவே வந்தா. அம்மா வேணும்னே கொல்லைல போயி முருங்கைக்கீரை ஒடிச்சாந்து தேங்கா போட்டு வதக்கி வச்சிருந்தா, நான் இன்னைக்கு இருக்குடா கச்சேரின்னு நினைச்சேன். அக்கா எலைல பாத்தா, என்னையப் பாத்தா, "கர்க்கடகம் புளியரைக்கு அந்தப் பக்கம்தானம்மா"ன்னு சொல்லிட்டு ரெண்டாவது தடவையும் வாங்கித் தின்னா. புனலூர்ல போயி சொல்லிறாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டா.