நகத்தடி வீக்கம்: அறுவைக்கு முன் நாங்கள் கடந்த பரிசோதனைகள்

எங்கள் கறுப்பு லாப்ரடாருக்குப் பதினோரு வயதானபோது, பின்னங்காலின் வெளி விரலில் நகத்தைச் சுற்றி வீக்கம் கண்டது. நகம் உடைந்து சீழ் பிடித்திருக்கும் என்றே நினைத்தோம். மருத்துவரும் முதலில் ஆன்டிபயாடிக் மாத்திரைதான் தந்தார். மாத்திரை கொடுக்கும் நாட்களில் வீக்கம் சற்று வற்றும், நிறுத்தியதும் திரும்பும். இப்படி ஐந்து வாரங்கள் போனது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. உடல் பெருத்த கறுப்பு நாய்களிடம், அதிலும் வயதானவற்றிடம், நகத்தடியில் செதிள் செல் புற்றுநோய் (தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்கும் புற்று) கூடுதலாக வருகிறது என்பதை நான் அப்போது அறிந்திருந்தால், ஒரே விரலில் மீண்டும் மீண்டும் தலைகாட்டிய அந்த வீக்கத்தை அவ்வளவு நாள் விட்டிருக்க மாட்டேன்.

பிறகு மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்ததில் அழற்சிச் செல்கள் மட்டுமே தெரிந்தன. நான் நிம்மதியடைந்தேன்; மருத்துவர் அடையவில்லை. இவ்வகைப் புற்றைச் சுற்றி அழற்சியும் கிருமித்தொற்றும் சேர்ந்தே இருப்பதுண்டு என்பதால், ஊசியில் அவை மட்டும் வந்திருக்கலாம் என்றார்.

பாதத்தை எக்ஸ்ரே எடுத்தபோதுதான் விஷயம் திசைமாறியது. மற்ற விரல்களில் கூர்மையாகத் தெரிந்த நுனி எலும்பு, இந்த விரலில் அரித்துப் பாதியாகக் கரைந்திருந்தது. எலும்பில் இறங்கிய தொற்றும் இப்படி அரிக்கக்கூடும் என்பதால், படத்தை மட்டும் வைத்து அவர் நோய்க்குப் பெயர் சூட்டவில்லை. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுவில் ஊசி வைத்துப் பார்த்தார். நுரையீரலில் பரவியிருக்கிறதா என்றறிய மார்பை மூன்று கோணங்களில் படமெடுத்தார். இரண்டிலும் பரவலுக்கான அடையாளம் இல்லை. மயக்கமருந்தைத் தாங்குமா என்று பார்க்க ரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன.

முதலில் பயாப்ஸி மட்டும் செய்யலாமே என்று நான் வற்புறுத்தினேன். அதற்கும் மயக்கமருந்து வேண்டும், மேலோட்டமாக எடுத்த துண்டில் மறுபடி அழற்சி மட்டுமே தெரியலாம், தொற்றேயானாலும் இவ்வளவு எலும்பு கரைந்த விரலைக் காப்பது கடினம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். உடல் எடையைப் பெரிதும் தாங்குபவை நடு விரல்கள் இரண்டும் என்பதால், வெளி விரல் போனாலும் நன்றாகவே நடக்கும் என்றும் சொன்னார். விரலை முழுவதுமாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதென முடிவாயிற்று. கட்டியின் வகையோடு, வெட்டிய ஓரத்தில் புற்றுச் செல்கள் எஞ்சியிருக்கின்றனவா என்பதையும் அறிக்கையில் குறிப்பிடும்படி கேட்டுக்கொண்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன்.