அந்த ‘சரிங் கண்ணு’

எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அப்பாருக்கு சுகர் 340 காட்டுச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு நானே உக்கார வெச்சு சொல்லி, புரிஞ்சுதுங்களான்னு கேட்டு, அவரும் ‘சரிங் கண்ணு’ன்னு தலையாட்டிட்டுப் போனாரு. இப்ப வந்து உக்காந்தா 340. அன்னைக்கு கூட்டம் வேற, எனக்குக் கோவம் வந்து கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன், ஏனுங்க மாத்திரை போடறீங்களா இல்ல அப்படியே வெச்சிருக்கீங்களான்னு. அவரு பதறிப்போய் சட்டைப்பையில இருந்து மருந்து கவரை எடுத்து நீட்டுனாரு, ‘இதுல போட்டிருக்கற மாதிரியேதான் போடறனுங் கண்ணு’. கவர் மேல 1-0-1னு என் கையெழுத்து. எப்படிப் போடறீங்கன்னு சொல்லுங்கன்னு கேட்டா, இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு இல்ல, நாளான்னைக்கு ஒண்ணு.

யோசிச்சுப் பாத்தா அவரு படிச்சதுல என்ன தப்பு? அந்த மூணு நம்பரும் காலை, மத்தியானம், ராத்திரின்னு கவர்ல எங்கயும் எழுதல, அது எங்களுக்குள்ள இருக்கற பாஷை. அவரு படிக்கத் தெரியாதவரும் இல்ல, டீக்கடையில தெனமும் பேப்பர் படிக்கறவரு, வட்டிக் கணக்கை மனசுலயே போட்டுச் சொல்லுவாரு. நாளுக்கு ரெண்டு போட வேண்டிய மனுசன் ஒண்ணு கூட முழுசா போடல, அதுக்குக் காரணம் நான். கத்துனதும் நான்.

தாராபுரம் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில, சுகர் பிரஷர் பாக்கற தொற்றா நோய் பிரிவுல நர்ஸா இருக்கேன், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. என் டேபிள்ல ஒரு பிபி மிஷின், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு பெரிய நோட்டு, எதிர்ல ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அந்த ஸ்டூல்ல உக்கார்றவங்க முக்காவாசிப் பேரு அறுபது தாண்டுனவங்க. ஓபி நாள்ல நூறு பேருக்கு மேல வருவாங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கெடைச்சா பெருசு. அந்த ரெண்டு நிமிஷத்துல பிபி பாத்து, சுகர் பாத்து, நோட்டுல ஏத்தி, கடைசியா ‘புரிஞ்சுதுங்களா’ன்னு கேப்போம். ‘சரிங் கண்ணு.’ அடுத்த ஆள் வாங்க.

இந்த ‘சரிங்’ இருக்கே, அதுல புரிஞ்சுதுங்கற அர்த்தம் மட்டும் கெடையவே கெடையாது. பின்னாடி நிக்கறவங்களுக்கு லேட்டாகுதுன்னு ஒரு சரிங், மகன் முன்னாடி ஒண்ணுந்தெரியாத ஆளா ஆகிடக்கூடாதுன்னு ஒரு சரிங், படிச்ச புள்ள சொல்லுது எதுத்துக் கேக்கறது மரியாதை இல்லன்னு ஒரு சரிங். இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டா நாங்க எரிஞ்சு விழுவோம்னும் அவங்களுக்குத் தெரியும், விழுந்தும் இருக்கோம், இப்பதான மேல ஒண்ணு சொன்னேன். அந்த 340க்கு அப்பறம் நான் ‘புரிஞ்சுதா’ன்னு கேக்கறதை விட்டுட்டேன். அதுக்குப் பதிலா, ‘வீட்டுக்குப் போய் ஆயாகிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டுங்க’ன்னு கேக்க ஆரம்பிச்சேன். மொதல்ல சிரிப்பாங்க, வெக்கப்படுவாங்க, அப்பறம் சொல்லுவாங்க பாருங்க, அப்பத்தான் நான் சொன்னதுல பாதி எங்க போச்சுன்னு எனக்கே தெரியும். கவர்லயும் நம்பரை விட்டுட்டு சூரியன் ஒண்ணு நிலா ஒண்ணு வரைஞ்சு பக்கத்துல மாத்திரைக்கு வட்டம் போட்டுடறது. பிரஷர் நார்மல் ஆயிடுச்சு அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்னு சொன்ன ஒரு தாத்தாகிட்ட, நார்மலா இருக்கறதே மாத்திரையாலதான்னு சொல்லி, நீங்க எப்படிப் புரிஞ்சுகிட்டீங்க சொல்லுங்கன்னு கேட்டேன். ‘ஆயில் இஞ்சின் மாதிரிங்க, தண்ணி வருதேன்னு டீசலை நிறுத்துனா தண்ணியும் நின்னுரும்.’ நான் வருஷக்கணக்கா சொன்னதை விட நல்லா சொன்னாரு, இப்ப எல்லாருக்கும் அதையேதான் சொல்றேன்.

அடுத்தது மஞ்சப்பை. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து சுகர் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகுது, நடக்க முடியாத வயசானவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு பக்கத்துல இருந்து பாத்தவ நான். ஆனா டவுன்ல இருக்கற மக தனியார் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவா, அங்க ஒரு சீட்டு. மருந்துக்கடையில ‘கால் வலிக்கு குடுங்க’ன்னு வாங்குனது ஒரு பக்கம், சித்த மருத்துவப் பிரிவு சூரணம் ஒரு பக்கம். எல்லாம் ஒரே வாய்க்குள்ளதான் போகுது. அதனால அடுத்த தடவை வரும்போது வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையையும் மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி டேபிள்ல கொட்டிப் பாப்பேன். ஒரு அம்மாவோட பையில அம்லாங் ஒரு அட்டை, ஸ்டாம்லோ ஒரு அட்டை. பேர் வேற, அட்டை வேற, கம்பெனி வேற, உள்ள இருக்கறது ரெண்டுலயும் அம்லோடிபின்ங்கற ஒரே பிரஷர் மருந்துதான். ரெண்டும் வேற வேற வியாதிக்குன்னு நெனச்சு ரெண்டையும் சிரத்தையா போட்டுட்டு இருந்தாங்க. இன்னொருத்தர் எங்க சுகர் மாத்திரையையும் தனியார்ல குடுத்த ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரையையும் சேத்துப் போட்டு, விடியக்காலைல வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்து, இங்க கொண்டு வரும்போது சுகர் 58. எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து. வீட்டுல எல்லாரும் சுகர் ஏறிடுச்சுன்னு நெனச்சு ஒரு வாய் டீ கூட குடுக்காம தூக்கிட்டு வந்திருக்காங்க, வேர்த்துக் கொட்டும்போதே, மயங்கறதுக்கு முன்னாடி நெனவு இருக்கறப்பவே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி குடுத்திருந்தா வீட்டுலயே சரியாகியிருப்பாரு.

கலர் கதையும் இருக்கு. வயசானவங்களுக்கு மாத்திரைக்குப் பேர் கெடையாது, வெள்ளைப் பெருசு, வெள்ளைச் சிறுசு, ரோஸ், இவ்வளவுதான். சப்ளை பண்ற கம்பெனி மாறுனா கலரும் அட்டையும் மாறும், நாங்க சொல்ல மறந்துட்டா அவங்க பழசும் புதுசுமா ரெண்டையும் போடுவாங்க, இல்லன்னா இது நம்முது இல்லன்னு ஓரமா வெச்சிடுவாங்க. டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் சோத்தைக் கொறைச்சு எங்ககிட்ட நல்ல பேர் வாங்கறவங்க தனிக் கூட்டம், அவங்களை மூணு மாச சுகரோட சராசரியைச் சொல்ற எச்பிஏ1சி டெஸ்ட் காட்டிக் குடுத்துடும்.

ஒரு ஆத்தாவைப் பத்தி சொல்லியே ஆகணும். பிரஷர் மாத்திரையை அவங்களே நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டா, ‘அதைப் போட்டா காலு வீங்குது சாமி.’ வேற எடத்துல இதைச் சொல்லியிருக்காங்க, வயசாச்சுல்ல அப்படித்தான் இருக்கும்னு சொல்லி, வீக்கம் வத்த நீர் பிரியற மாத்திரை ஒண்ணு சேத்துக் குடுத்திருக்காங்க. அதைப் போட்டா ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும், கக்கூஸ் வாசல் தாண்டி இருக்கு, இருட்டுல ஒருக்கா விழுந்தும் இருக்காங்க, அதனால தண்ணி குடிக்கறதையே கொறைச்சுட்டாங்க. அப்பறம் தலை சுத்தல். அவங்களே உக்காந்து கணக்குப் போட்டு ரெண்டு மாத்திரையையும் நிறுத்திப் பாத்திருக்காங்க, வீக்கமும் போச்சு, தலை சுத்தலும் போச்சு. அம்லோடிபின் சில பேருக்குக் கணுக்கால்ல வீக்கம் குடுக்கும், நர்ஸுங்க எங்களுக்குப் பாடத்துலயே வருது அது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆத்தா சரியா கண்டுபிடிச்சிருக்காங்க, நாங்கதான் ‘மாத்திரை ஒழுங்கா போடாதவங்க’ன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கோம். டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன், வேற மாத்திரை மாத்திக் குடுத்தாங்க. நீர் மாத்திரை தேவையே படல. பிரஷரை அப்படியே விட்டிருந்தா பக்கவாதம் வந்திருக்கலாம், அதையும் சொன்னேன், ‘அதை மொதல்லயே சொல்லியிருந்தா வேற குடுங்கன்னு கேட்டிருப்பேன்ல’ன்னாங்க. எனக்கு வாயே தெறக்கல.

மாத்திரையாவது பரவாயில்ல, திருத்திக்கலாம். இன்னொரு பெரியவரு, மாட்டுத் தரகரு. சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் புடிச்சே வெலை பேசற ஆளு, ஆயிரம் ரூவா முன்னப் பின்ன ஏமாத்த முடியாது அவரை. சுகர் புண்ணுல கால் கட்டைவிரல் கருத்துப் போய், நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன். மூணு வாரம் கழிச்சு வந்தாரு, பாதத்துல முன்பாதி இல்ல. ‘ஒரு வெரலுன்னாங்க கண்ணு’ன்னு மட்டும் சொன்னாரு. தெறந்து பாத்தாத்தான் தெரியும், அதிகமா எடுக்க வேண்டியிருக்கலாம்னு அங்க மகன்கிட்ட சொல்லியிருக்காங்க, மகன் கையெழுத்துப் போட்டிருக்காரு, அப்பா பயந்துக்குவாருன்னு அவருகிட்ட யாருமே சொல்லல. எடுத்தது தப்புன்னு நான் சொல்ல வரல, எடுக்காம விட்டிருந்தா காலே போயிருக்கும், உசுரும் போயிருக்கலாம். மகன் மேலயும் தப்பு சொல்ல மனசு வரல, அவரு ராத்திரியெல்லாம் வராந்தாவுல படுத்துக் கெடந்த மனுசன். ஆனா அந்தக் கால் யாரோடது?

உச்ச நீதிமன்றம் 2008ல சமீரா கோலி வழக்குல இதைத் தெளிவா சொல்லியிருக்கு. பரிசோதனைக்குன்னு மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்ச பொண்ணுக்கு, அவங்கம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. வயசு வந்தவங்க, புத்தி தெளிவா இருக்கறவங்க, உசுருக்கு அவசர ஆபத்தும் இல்ல, அப்ப பெத்த தாயே சம்மதிச்சாலும் செல்லாதுன்னு தீர்ப்பு. அப்படின்னா மகன் சம்மதம் மட்டும் எப்படிச் செல்லும், ஆனா எத்தனை வார்டுல பாத்திருக்கேன், கட்டில்ல படுத்திருக்கறவரை விட்டுட்டு அவரு தலைக்கு மேல ‘சன் யாருங்க’ன்னு தேடறதை. நானும் தேடியிருக்கேன். படிவம் இங்கிலீஷ்ல இருக்கும், பெரியவருக்கு ஸ்டாம்ப் பேடுல பெருவிரலைத் தேச்சு ரேகை வாங்குவோம், அதுக்கு மட்டும் அவரு வேணும்.

எல்லாத்தையும் சொல்லிட்டா அவங்க நாம நெனக்கறதைத்தான் முடிவு பண்ணுவாங்கன்னும் இல்ல. எண்பது தாண்டுன ஒரு ஆத்தாவுக்கு இன்சுலின் போடணும்னு பேச்சு வந்துச்சு. தனியா இருக்காங்க, கண்ணு மங்கல், ஃபிரிட்ஜ் இல்ல. ஃபிரிட்ஜ் இல்லாதவங்க மண்பானையில ஈர மணல் போட்டு இன்சுலினை வெச்சுக்கலாம், அதெல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘இதைப் போட்டா என்ன ஆகும், போடலைன்னா எப்படிச் சாவேன், அதைச் சொல்லு’ன்னாங்க. நான் டாக்டரம்மாவைப் பாத்தேன். அவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து சொன்னாங்க, சுகர் ரொம்ப ஏறுனா என்ன ஆகும், ஊசி போட்டு சாப்பிடாம விட்டா எப்படி எறங்கும், ராத்திரி எறங்குனா பக்கத்துல யாரும் இல்லன்னா என்ன ஆகும்னு. பத்து நிமிஷம் ஆயிருக்கும், வெளில கூட்டம் சத்தம் போடுது. ‘அப்ப மாத்திரையே போதும், இனிப்பைக் கொறைச்சுக்கறேன்’னாங்க. அந்த வயசுல எச்பிஏ1சி ஏழுக்குள்ள வரணும்னு மல்லுக்கட்ட வேண்டியதில்ல, எட்டு வரைக்கும் விடலாம், விழுந்து இடுப்பெலும்பு ஒடையறதுதான் பெரிய ஆபத்துன்னு டாக்டரம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. ‘சரிங்’னு ஆத்தா எந்திரிச்சாங்க. இது வேற சரிங். காதுல கேட்டாலே தெரியும்.

இவ்வளவும் ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேசறது. போன கார்த்திகையில எங்கம்மாவுக்குக் கண்ணுல புரை முத்திடுச்சுன்னு டேட் வாங்கிட்டு வந்தேன். லென்ஸ் வெக்கறாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம், நான் லீவு போட்டுட்டேன், நீ சும்மா வந்து உக்காந்தா போதும்னு அடுப்படியில நின்னுட்டே சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தாங்க, தலையை நிமுத்தாம ‘சரி கண்ணு’ன்னாங்க. நான் ரூமுக்குப் போய் பையை மாட்டிட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்பறம்தான் ஒறைச்சுது, திரும்பி வந்து எதிர்ல உக்காந்து, என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லும்மான்னேன்.

‘எனக்கே பரீட்சை வெக்கறயா’ன்னு சிரிச்சாங்க. அப்பறம் மெதுவா கேட்டாங்க, கண்ணு பண்ணுனா எத்தனை நாளைக்குக் குனியக் கூடாது. கொஞ்ச நாளைக்கு வெயிட்டு தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, ஒரு மாசத்துக்கு சொட்டு மருந்துன்னு சொன்னேன். ‘எருமை மார்கழில ஈனும். நீ டூட்டிக்குப் போயிருவ. கன்னுக்குட்டியை யாரு பாக்கறது?’ புரை எவ்வளவு அவசரம்னு டாக்டர்கிட்ட நான் கேக்கவே இல்ல, மறுநாள் போன் பண்ணிக் கேட்டேன், ரெண்டு மாசம் தள்ளுனா ஒண்ணும் ஆகாதுன்னாரு. தை கடைசிக்கு மாத்தி டேட் வாங்கியாச்சு. கெடேரிக் கன்னு போட்டிருக்கு.