வாய்ட் டெக்கில் ஒரு பனிக்கோட்டு

மழை விட்டு வெயில் கொளுத்திய சனிக்கிழமை மத்தியானம். எங்கள் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், அதாவது சிங்கப்பூரே வாய்ட் டெக் என்று சொல்லும் இடத்தில், விரல் கனத்துக்குப் பஞ்சு வைத்த நீலக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு என் மகள் நிற்கிறாள். காலில் ரப்பர்ச் செருப்பு. நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்குகிறது.

"கையை மேலே தூக்கு. குனி. இப்போ உட்காரு," என்று கோட்டை விற்க வந்த மலாய்க்கார அக்கா ஆங்கிலமும் மலாயும் கலந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவள் குனிந்ததும் பின்பக்கம் வந்து பார்த்தார். "முதுகு தெரியல. நல்லது. விழும்போது பனி அங்கேதான் முதல்ல போகும்."

சதுரங்க மேசையில் இருந்த சீனத் தாத்தா ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். "எங்கே, சைபீரியாவா?"

"ஜப்பான், அங்கிள்."

20 வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பைகளைத் துழாவியபோது ஒன்றில் கல்லாக இறுகிப்போன சிறு பொட்டலம் கிடைத்தது. ஜப்பானில் கைரோ என்பார்கள். உள்ளே இரும்புத்தூள், உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கத் தொடங்கும், அந்தச் சூட்டில் கை குளிர்காயும். துருப்பிடித்து முடிந்ததும் இப்படிக் கெட்டியாகிவிடும். அந்த அக்கா வீட்டுப் பிள்ளை எந்த மலையில் மறந்து வைத்ததோ.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு விலைச்சீட்டு. 2024 ஆண்டிறுதி விடுமுறையில், கிறிஸ்துமஸ் கழித்து, ஜப்பானின் பனிச்சறுக்கு ஊரான யுஸாவாவுக்குப் போவதென்று டிக்கெட் எடுத்துவிட்டோம். அப்புறம்தான் உடுப்பு நினைவுக்கு வந்தது. குளிர்கால உடுப்புக் கடை ஒன்றில் நால்வருக்கும் கோட்டு, கால்சட்டை, பூட்ஸ் என்று கணக்குப் போடச் சொன்னேன். 1,200 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. சறுக்கப்போவது இரண்டே நாள். என் கணவர் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தபடி, "இந்தக் காசுக்குப் பனியையே இங்கே வரவழைச்சிடலாம் போலிருக்கே," என்றார்.

எங்களுக்குப் பனி புதிதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொரியாவில் ஒரு பனிச்சறுக்குத் தளத்துக்குப் போயிருந்தோம். அப்போது மேலே போட்ட கோட்டுதான் முக்கியம் என்று நினைத்து, இருப்பதிலேயே தடியான கோட்டாகப் பார்த்து வாங்கியிருந்தோம். கீழே? ஜீன்ஸ், அதற்குள் பருத்தி லெக்கின்ஸ். புதிதாகச் சறுக்கக் கற்பவர்கள் சறுக்குவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள், விழுந்திருப்பார்கள், எழப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடம்புச் சூட்டில் அடியில் இருக்கும் பனி உருகி ஜீன்ஸில் ஏறியது. அரை மணி நேரத்தில் தொடை வரை ஈரம். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் அந்த ஈரம் விறைத்து, என் மகளின் ஜீன்ஸ் கால் அட்டை மாதிரி நின்றது. அவள் அழுத அழுகையில் அன்றைய நுழைவுச்சீட்டுப் பாதி வீண். கோட்டுக்குள் எங்கள் நெஞ்சு மட்டும் கதகதப்பாக இருந்து என்ன பயன்?

ஆக, குளிருக்காகச் செலவழிக்காமல் ஈரத்துக்காகச் செலவழிப்பது என்று இந்த முறை முடிவு செய்தேன். யுஸாவாவுக்கு அது ரொம்பவே பொருந்தும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது நீராவியை அள்ளிக்கொண்டு வந்து, யுஸாவா இருக்கும் நீகாட்டா மாநிலத்து மலைகளில் முட்டி அத்தனையையும் கொட்டிவிடுகிறது. பகலில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருப்பதால் அந்தப் பனியும் கனமாக, ஈரமாக இருக்கும். வடக்கே ஹொக்கைடோ தீவில் குளிர் அதிகம், பனியோ மாவு மாதிரி உலர்ந்திருக்கும். உடுப்பிலிருந்து தட்டிவிட்டால் போய்விடும். யுஸாவாப் பனி ஒட்டிக்கொண்டு உருகும்.

கோட்டின் உள்பக்கச் சீட்டில் 10,000 மிமீ என்ற மாதிரி ஒரு எண் இருக்கும். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரம் ஏறும்வரை துணி கசியாமல் தாங்கும் என்பதே அது. 10,000 என்றால் பத்து மீட்டர் தண்ணீர். நிற்கிறவருக்கு இதில் பாதிகூடப் போதும். ஆனால் உட்காருகிறபோதும் முட்டி போடுகிறபோதும் உடல் எடை ஈரத்தைத் துணிக்குள் அழுத்தும் அல்லவா? அதனால் கோட்டில் சமரசம் செய்தாலும் கால்சட்டையில் 10,000-க்குக் கீழே இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். தையல்களின் உள்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா, கால்சட்டையின் அடியில் பூட்ஸைக் கவ்வும் எலாஸ்டிக் உள்மடிப்பு இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தேன். நிறம், பிராண்டு எல்லாம் அப்புறம்.

தேடியது பெரும்பாலும் பழைய பொருள் வாங்கி விற்கும் கரோசல் செயலியில். பனியே இல்லாத ஊரில் பனி உடுப்பைப் பழையதாக வாங்குவது போல லாபம் வேறில்லை. இங்கே விற்பனைக்கு வருகிற பனிக்கால்சட்டைகள் வாழ்நாளில் நான்கு நாள் வெளியே போனவை. குழந்தைகளுடையது என்றால் அடுத்த விடுமுறைக்குள் குட்டையாகிப் போனவை. மகனுக்குக் கோட்டும் கால்சட்டையும் சேர்த்து 25 வெள்ளி, செங்காங் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கைமாறியது. அது ஜப்பானில் தைத்தது. கால்சட்டை அடியில் ஒரு மடிப்பைத் தைத்து வைத்திருந்தார்கள். பிள்ளை வளர்ந்தால் அந்த நூலை அறுத்துக் காலை நீட்டிக்கொள்ளலாம். நம் ஊரில் பாவாடைக்கு டக் பிடித்து வைத்து வருஷா வருஷம் பிரிப்போமே, அதே வேலை. மகளின் கால்சட்டை 15, எனக்கு ஒன்று 15. என் கோட்டு மூன்றாம் மாடி அக்காவிடம் இரவல். இவருடைய இடுப்புக்குப் பழையது எதுவும் சேரவில்லை, காலாங்கில் டெக்கத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் புதிதாக 60 வெள்ளிக்குக் கால்சட்டை எடுத்தோம். மேலே போட அவரிடம் இருந்த மழைக்கோட்டே போதும், உள்ளே பிளீஸ் என்கிற கதகதப்பான துணியில் சட்டை ஒன்று.

பழைய உடுப்பில் நம் ஊர்களுக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு. நீர் புகாத துணியின் உள்பூச்சு பல நேரம் பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரப்பதம் அதை மெல்ல உடைக்கும். அலமாரியில் தொடாமல் வைத்திருந்தாலும் சரி, சில ஆண்டுகளில் பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். படத்தில் புத்தம் புதிதாகத் தெரிகிற கோட்டை நேரில் திருப்பிப் பார்த்தால் உள்ளே பொடுகு உதிர்ந்த மாதிரி இருக்கும். இப்படி மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

தேறியவற்றுக்கு வீட்டுக் குளியலறையில் இரண்டாம் தேர்வு. மகன் கோட்டும் கால்சட்டையுமாக உள்ளே போய் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார, நான் ஷவரைத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிடம். அவனுக்கு ஒரே கொண்டாட்டம். கோட்டுத் தோளில் தண்ணீர் சேம்பு இலையில் உருளுகிற மாதிரி முத்து முத்தாக ஓடியது. முட்டியில் மட்டும் பரவி, துணி கறுத்தது. உள்ளே ஈரம் வரவில்லை, ஆனால் மேல்துணி தண்ணீர் குடிக்கிறது. முன்பு யாரோ துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்திருக்க வேண்டும். அது நீரை விரட்டும் மேல்பூச்சை மூடிவிடும். நன்றாக அலசி, சீட்டில் அனுமதித்த குறைந்த சூட்டில் டிரையரில் 20 நிமிடம் சுற்றவிட்டேன். சூடு பட்டால் அந்தப் பூச்சு ஓரளவு உயிர் பெறும். மறுபடி தெளித்துப் பார்த்தேன், முத்து திரும்பி வந்துவிட்டது.

தோலை ஒட்டிப் போடுவதை மட்டும் எல்லாருக்கும் புதிதாக வாங்கினேன், அதுவும் பாலியெஸ்டரில். யூனிக்லோ கடையின் ஹீட்டெக் உள்ளாடை எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. தோக்கியோவில் நடந்து சுற்ற அருமை. ஆனால் அதில் ரேயான் கலந்திருக்கிறது. மூச்சு வாங்க வியர்க்கிற வேலைக்கு, ஈரத்தைப் பிடித்து வைக்காத துணிதான் தோது. பருத்தி பனியனை நான் பெட்டியிலேயே வைக்கவில்லை, அத்தை எடுத்துக் கொடுத்தும்கூட. சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, மெல்லியதாக. இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் ஜில்லிடும் என்பது கொரியாவில் படித்த பாடம்.

அங்கேயே போய் வாடகைக்கு எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நான் விசாரித்த இடங்களில் கோட்டும் கால்சட்டையும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5,000 யென் அளவில் இருந்தது. நான்கு பேர், இரண்டு நாள், 40,000 யென். அன்றைய விகிதத்தில் சுமார் 350 வெள்ளி. ஒரே நாள் போகிறவர்கள் யோசிக்காமல் வாடகைக்கே எடுங்கள், பெட்டியும் காலியாக இருக்கும். ஆனால் கையுறை, குல்லா, கண்ணாடி போன்றவற்றைப் பல இடங்களில் வாடகைக்குத் தருவதில்லை, விலைக்குத்தான். அவற்றை எப்படியும் கொண்டு போக வேண்டும். பலகை, சறுக்குப் பூட்ஸ், ஹெல்மெட் மூன்றையும் நாங்களும் அங்கேதான் எடுத்தோம். கையுறை, கண்ணாடி, உள்ளாடை எல்லாம் சேர்த்து எங்கள் செலவு 425 வெள்ளி.

இவருடைய கையுறையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது தனிக்கதை. அதற்காகத் தோக்கியோவின் ஓரத்தில் ஒரு வொர்க்மேன் கடைக்குப் போனோம். கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1980-இல் குன்மா மாநிலத்தில் தொடங்கிய கடைவரிசை அது. மழையிலும் குளிரிலும் நாள் முழுக்க வெளியே நிற்கிறவனுக்கு என்ன வேண்டுமோ அதைத் தைத்து மலிவாக விற்கிறார்கள், இப்போது பைக்கில் போகிறவர்களும் முகாம் போடுகிறவர்களும் அங்கேதான் மொய்க்கிறார்கள். ஏஜிஸ் என்ற பெயரில் நீர் புகாத கோட்டுகள் தொங்கின. விலையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மகளின் நீலக் கோட்டைத் தவிர மற்றதையெல்லாம் இங்கேயே வாங்கியிருக்கலாம் போல. ஆனால் இவருடைய அளவு ஒன்றுகூட இல்லை. உயரமானவர்கள் அந்தக் கடையை நம்பிக் கைவீசிக்கொண்டு ஜப்பான் போய்விடாதீர்கள்.

தோக்கியோவிலிருந்து யுஸாவாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். குன்மா வரை பளீரென்று வெயில். பிறகு 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய்ஷிமிசு சுரங்கம். வெளியே வந்தால் வீட்டுக் கூரை ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு வெள்ளை. பனிக்காலத்தில் சில ரயில்கள் காலா யுஸாவா வரை போகும். 1990-இல் திறந்த அந்த நிலையத்துக்குள்ளேயே சறுக்குத்தளத்தின் கவுண்டர், உடைமாற்றும் அறை, மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பிவட வண்டியான கொண்டோலா எல்லாம்.

நாங்கள் முதலில் இறங்கியது அதற்கு முந்தைய எச்சிகோ யுஸாவாவில், பெட்டிகளை விடுதியில் போட. அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் காலை வாரியது. யுஸாவாத் தெருக்களில் பனியை உருக்க, சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நீரில் இரும்புச் சத்து இருப்பதால் தெருவே துருநிறம். சாலை என்னவோ சுத்தம்தான், ஓரத்தில் கணுக்கால் அளவு சேற்றுப்பனி. விடுதிக்குப் பாதி வழியில் என் வலது காலில் ஏதோ தட்டியது. திரும்பிப் பார்த்தேன். என் பூட்ஸின் அடித்தட்டு, முழுசாக, ஐந்தடி பின்னால் சாலையில் கிடந்தது. மகன் ஓடிப்போய் எடுத்துவந்தான். கையில் பிடித்ததும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

18 வெள்ளிக்கு வாங்கிய பழைய பூட்ஸ். கோட்டின் உள்பூச்சை மூன்று வீட்டில் திருப்பிப் பார்த்தவள், அடித்தட்டும் அதே பாலியூரித்தேனாக இருக்கலாம் என்று யோசிக்கவில்லை. விற்றவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. நல்லவேளை, ஊர்க்காரர்கள் யாரும் பனி பூட்ஸ் போடவில்லை. பனி வாருகிற பாட்டியிலிருந்து தபால்காரர் வரை முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்தான். நாகாகுத்ஸு என்று பெயர். தெருமுனைக் கடையில் 2,400 யென்னுக்கு அதையே வாங்கி, வலது காலைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டேன். மிச்ச நாட்கள் முழுக்க என் கால் மட்டும்தான் நனையவில்லை.

சறுக்கியதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நாளில் நான் எத்தனை முறை விழுந்தேன் என்று மகன் எண்ணி வைத்திருக்கிறான். இரண்டாம் நாள் ஈரப்பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தில் கோட்டைக் கழற்றி, மகளின் முதுகில் கையை விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அவள் கறி ரைஸை வாயில் வைத்துக்கொண்டே, "சாப்பிட்டதும் மறுபடி மேலே போகலாம்," என்றாள்.

ஜனவரியில் எல்லாவற்றையும் அலசிக் காயவைத்து மறுபடி கரோசலில் போட்டுவிட்டேன். மகன் செட்டை 20 வெள்ளிக்கு ஒரு அப்பா எடுத்துப் போனார். நீலக் கோட்டைத் தரமாட்டேன் என்று மகள் பிடிவாதம். அலமாரியில் சிலிக்கா பொட்டலத்தோடு தொங்குகிறது. என் கால்சட்டை மட்டும் நிற்கிறது, 12 வெள்ளிக்கு இறக்கியும்கூட. இடுப்பு 32, நீளம் கொஞ்சம் குறைவு, கறை கிடையாது, ஷவர் சோதனை முடிந்தது. வேண்டுமென்றால் எங்கள் புளோக்குக்குக் கீழேயே போட்டுப் பார்க்கலாம், தாத்தா ஒன்றும் சொல்லமாட்டார்.