வெள்ளவத்தையில் டெக் போட்ட கதை

மதுரையிலிருந்து கல்யாணமாகி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தபோது, நாடுதான் புதுசு, மொழி நம்ம மொழிதானே, பாதிக் கஷ்டம் மிச்சம் என்று நினைத்திருந்தேன். "அத்தை" என்று கூப்பிட்டால் மாமியார் திரும்பியே பார்க்காத முதல் வாரத்தில் அந்த நினைப்பு லேசாக ஆடியது (இங்கே மாமியார் "மாமி", நாத்தனார் "மச்சாள்"). முழுசாகக் கவிழ்ந்தது பின்வளவில் டெக் (தரைக்கு மேலே எழுப்புகிற மரத்தளம்) போட ஆரம்பித்த பிறகு.

பின்வளவு என்றால் கொல்லைப்புறம். எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில் இருக்கிறது, 8 பேர்ச் காணி, நம்ம ஊர்க் கணக்கில் சரியாக 5 சென்ட். சுற்றிலும் மாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன, நடுவில் இந்தப் பழைய வீடு மட்டும். அடுப்படிக் கதவைத் திறந்தால் சேறு, மழை பெய்தால் இரண்டு நாளைக்குக் குட்டை. மாமி அதில் ஒருமுறை வழுக்கி விழுந்து கைமுட்டி வீங்கிப் போனார். சிமெண்ட் போட்டு மூடிவிடலாம் என்றேன். தண்ணீர் எங்கே போகும், பலா மரத்தின் வேர் என்ன ஆகும் என்று என் கணவர் கேட்டார். அவருக்கு மனசில் ஏற்கெனவே டெக் ஓடிக்கொண்டிருந்தது. கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் மச்சாள் வீட்டில் போன கோடையில் போட்டார்கள், அதன் வீடியோ எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்த வீடியோவை நம்பித்தான் முதல் சண்டை. அதில் 4 அடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். அங்கே குளிரில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து உப்பி, தூணையே மேலே தூக்கிவிடும், அதனால் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். கொழும்பில் எது உறையப் போகிறது? ஆனாலும் 4 அடி தோண்ட வேண்டும் என்று என் கணவர் அடம் பிடித்தார். இங்கே எதிரிகள் வேறு. கறையான், மழை, அப்புறம் கடல் உப்பு. இதை எங்களுக்குப் புரிய வைத்தவர் பாஸ்.

பாஸ் என்றதும் யாரோ முதலாளி வரப்போகிறார் என்று நான் காபி போட்டு வைத்திருந்தேன். உளிப்பையோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். இங்கே தச்சரும் பாஸ், கொத்தனாரும் பாஸ். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்லாம். (காபியும் வேண்டாம் என்றுவிட்டார், பிளேன்டீதான்.) அவருக்குச் சிங்களம் மட்டும்தான், எனக்கு அது சுத்தமாக வராது. கணவர் ஆபீஸ் போனதும் மாமிதான் மொழிபெயர்ப்பு. பாஸ் கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிஷம் பேசுவார், நான் ஆவலோடு மாமியைப் பார்ப்பேன், மாமி "ஏலாதாம்" என்பார். அவ்வளவுதான்.

அந்த "ஏலாதாம்" ஒன்றுக்குப் பின்னால் இருந்த முழு விஷயத்தைச் சாயங்காலம் கணவர் விளக்கினார். வீடியோவில் டெக்கின் ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரிலேயே போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் கறையானுக்கு நாமே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி என்று பாஸ் மறுத்துவிட்டார். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, தனியாக நிற்கிற மாதிரிதான் போடுவாராம். மரம் எந்த இடத்திலும் மண்ணைத் தொடக் கூடாது. தரைக்கு மேல் 6 அங்குலம் எழும்பிய கான்கிரீட் கட்டைகள், அதில் புதைத்த இரும்பு லாடம், அதற்குள் மரக்கால். கால்களின் வெட்டுமுனைகளுக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசலாம் என்றார், மண்ணில் வடியும், நாறும் என்று நான் மறுக்க, கடைசியில் சொலிக்னம் என்கிற மரப் பாதுகாப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். வெட்டுமுனை வழியாகத்தான் மரம் தண்ணீரைக் குடிக்கும், அதனால் பலகையை அறுக்கிற ஒவ்வொரு முறையும் அந்த முனையில் மறுபடி பூச வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் பாஸ் என்னை நம்பி விட்டார்.

மரம் வாங்க மொரட்டுவைக்குப் போனோம். தளபாடத்துக்குப் பேர்போன ஊர், தெருத்தெருவாக மரக்காலை (மரக்கடை). சட்டத்துக்குக் "கும்புக்" எடுங்கள், மேலே தேக்கு போடலாம் என்றார் பாஸ். கும்புக்கா, பேரே கேள்விப்படாத மரத்தை எப்படி நம்புவது என்று நான் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மூலையில் பட்டை உரிக்காத கட்டை ஒன்று கிடந்தது. வெளுத்த, வழுவழுப்பான பட்டை. அட, இது நம்ம மருது! வைகைக் கரையில் பார்த்து வளர்ந்த மரம், மதுரைக்குப் பேரே மருதத்திலிருந்துதான் வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அதையா நான் சந்தேகப்பட்டேன். தேக்குக்குச் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே பேர்தான், "தேக்க". விலையை மட்டும் இங்கே எழுத மனம் வரவில்லை.

வளவிலேயே பலா நிற்கிறதே, அதை வெட்டிப் பலகை போடலாமே என்று ஒரு உறவுக்காரர் யோசனை சொன்னார். பாஸ் பதறிப்போனார். பலாவையும் ஈரப்பலாவையும் (நம்ம ஊர்க் கறிப்பலா) அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. தவிர அந்த மரத்தின் கொட்டைகள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு சீசன் கறி ஓடாது.

டெக் அளவு 12 அடிக்கு 10 அடி. 16 அங்குலத்துக்கு ஒன்று என்று 10 குறுக்குச் சட்டம், அதன் மேல் 4 அங்குல அகலத்தில் 29 பலகை. பலகைக்குப் பலகை இடைவெளி விட பாஸ் அளவுகோலே எடுக்கவில்லை, ஒரு நாலு இஞ்ச் ஆணியை நடுவில் செருகி, அதன் தடிமன்தான் கணக்கு என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆணி என்று நான் சொன்னால் அவருக்குப் புரிந்தது, சிங்களத்தில் "எண". எங்களுக்குள் மாமி இல்லாமல் ஓடிய முதல் பேச்சு அதுதான்.

அடியில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு (கொசு) வரும், டெங்குப் பரிசோதனைக்கு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கு. அதனால் தரையைச் சரிவாக வெட்டி ஜல்லி பரப்புவது என்று முடிவு. பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் போய், "நானா, ஜல்லி வேணும், கிடைக்குமா?" என்றேன் (இங்கே முஸ்லிம் கடைக்காரரை "நானா" என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம்). கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சல்லி எனக்கும்தான் வேணும் தங்கச்சி" என்றார். கொழும்பில் சல்லி என்றால் காசு. ஜல்லிக்கு இங்கே "மெட்டல்".

அதே கடையில்தான் என் பெரிய தப்பும் நடந்தது. 29 பலகைக்கு 580 திருகாணி. நானா எடுத்துக் காட்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியின் விலையைக் கேட்டுவிட்டு, மஞ்சள் முலாம் பூசிய சாதாரணத்தை வாங்கி வந்தேன். "கடல் பக்கமா வீடு?" என்று அவர் கேட்டார், நான் இல்லை என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. 11 பலகை முடிந்திருந்தபோது ஏப்ரல் வந்தது. சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாளில் புத்தாண்டு, பாஸ் ஊருக்குப் போய்விட்டார். வேலைக்குத் திரும்பவும் சுபநேரம் இருக்கிறதாம், அது முடிந்தும் வரவில்லை. போன் போட்டால் "ஹெட்ட". நாளைக்கு. சிங்களத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட சொல் அது. மூன்று வாரம், பின்னேரம் ஆனால் இடியோடு ஒரு மழை. பாஸ் வந்து பார்த்தபோது ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் மை கொட்டினாற்போலக் கறுப்பு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் காய்ச்சினால் மை வருமில்லையா, அதே சமாச்சாரம்தான், மரத்தின் துவர்ப்பும் துருவும் மழைநீரில் சேர்ந்துவிட்டன. பாஸ் என்னைத் திட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார். 220 திருகாணி, இரண்டு நாள். நடுவில் மாமி வந்து எட்டிப் பார்த்து, "கையைப் பாருங்கோ பிள்ளை, கொப்புளம்" என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மறுபடி சோனகத் தெரு. நானா என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஸ்டெயின்லெஸ் பெட்டியை எடுத்து வைத்தார்.

மே கடைசியில், பெரிய மழை இறங்குவதற்கு நாலு நாள் முன்னால், கடைசிப் பலகையும் போட்டு எண்ணெய் அடித்தாயிற்று. மழை வந்தது, அடியில் தண்ணீர் நிற்கவில்லை. பிஎச்ஐ ஒருமுறை வந்தார். கழற்றக்கூடிய மாதிரி விட்டிருந்த ஓரப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கீழே இருப்பது என்ன மரம் என்று தமிழில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி "மருது" என்றார். அந்தச் சொல்லை அவருக்குச் சொன்னதே நான்தான்.

அக்டோபர் மழைக்கு முன்னால் இன்னொரு கை எண்ணெய் அடிக்க வேண்டும். டின் வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்து மூன்று வாரமாகிறது. எப்போது அடிக்கப் போகிறீர்கள் என்று கணவரைக் கேட்டால், "ஹெட்ட" என்கிறார்.