மாடியில் மூன்று கிலோவாட்: மானியம் வந்து சேர்ந்த வழி

திருநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "எந்தக் கம்பெனி பேனல்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "கரண்ட் பில் யார் பேர்ல இருக்கு? ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?"

யூனிட் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 வரை பில் தாங்கும். அதைத் தாண்டினால் 200 யூனிட் வரைக்குமான சலுகை விலையும் போய்விடும், 501-வது யூனிட்டிலிருந்து ஒன்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். சித்திரை, வைகாசியில் இரண்டு ஏசி ஓடுகிற எங்கள் வீட்டில் 800 தாண்டும். அதனால்தான் இறங்கினோம். 300 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள் மானியம் கிடைக்கிறதே என்று மட்டும் அவசரப்பட வேண்டாம். போட்ட பணம் திரும்ப ரொம்ப வருஷம் ஆகும்.

அடுத்தது பெயர். அப்பா காலமான பிறகும் பில் அவர் பேரிலேயே வந்துகொண்டிருந்தது. பணம் கட்டுகிற வரைக்கும் அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மானியத்துக்கு மின் இணைப்பு யார் பேரிலோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கும் அதே பேரில் இருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், வீட்டு வரி ரசீது, தங்கச்சியிடம் ஒரு சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்து அம்மா பேருக்கு மாற்றினோம். பேனல் பொருத்திய நாட்களைவிட இதற்கு ஆன நாட்கள்தான் அதிகம். கையோடு லோடையும், அதாவது வீட்டுக்கு மின்வாரியம் அனுமதித்திருக்கும் கிலோவாட் அளவையும், கூட்டிக்கொண்டோம். அனுமதிக்கப்பட்ட லோடுக்கு மேல் சோலார் போட முடியாது. பழைய வீடுகளில் அது ஒன்று, இரண்டு கிலோவாட் என்றுதான் இருக்கும். லோடைக் கூட்டத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், சோலார்காரர் கொடுக்கும் கொட்டேஷனில் அது இருக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகு இணையதளத்தில் விண்ணப்பித்தது சுலபமாகவே இருந்தது. 10 கிலோவாட் வரை தனி ஆய்வு இல்லாமலே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2024-ல் விதி மாற்றிவிட்டார்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலிருந்துதான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மானியக் கணக்கு இப்படி: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதோடு சரி. ஐந்து கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். எங்களுக்கு மொத்தச் செலவு இரண்டு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் கொடுக்க வேண்டும், மானியம் கடைசியில்தான் வரும். கையில் இல்லாதவர்களுக்கு வங்கிகளில் பிணை கேட்காத கடன் இருக்கிறது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் பேனல் மேல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. கொட்டேஷனில் வரி எந்த விகிதத்தில் போட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

விசாரித்த இடங்களில் ஒருவர் மற்றவர்களைவிட நல்ல குறைச்சலாகச் சொன்னார். துருவிக் கேட்டதும்தான் உள்ளே வெயிலை மின்சாரமாக்குகிற செல் வெளிநாட்டுச் சரக்கு என்று தெரிந்தது. இந்தியாவிலேயே தயாரான செல், பேனலுக்குத்தான் மானியம். அப்படிப்பட்டதைத்தான் டி.சி.ஆர். பேனல் என்கிறார்கள், அதைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

மாடியில் இடம் பார்த்த அன்றுதான் எனக்கு நிறையப் புரிந்தது. மூன்று கிலோவாட்டுக்கு 300 சதுர அடியாவது வேண்டும், பேனல் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். வந்த தம்பி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் வெயில் போகிற போக்கைக் காட்டினார். "மூணு மணிக்கு மேல தொட்டி நெழல் இந்த ஓரத்துப் பேனல்ல விழும் அண்ணே. எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணா ஒரே தொடரா வயர் இணைப்போம், ஒண்ணுல நெழல் விழுந்தா மத்ததும் சேர்ந்து படுத்துக்கும்." பேனல் நிற்கிற சட்டத்துக்கான இடத்தை நாலடி கிழக்கே தள்ளினோம். அதற்குள் அம்மா மேலே வந்துவிட்டார். "தம்பி, கம்பிய நல்லா உசத்திப் போடுங்க, வடகம் காயப்போட எனக்கு எடம் வேணும்ல." ஆள் நின்று நடமாடுகிற உயரத்துக்கு இரும்புச் சட்டம் போட்டதில் செலவு கூடியது, அதற்கு மானியம் கிடையாது. ஆனாலும் அது சரியான முடிவு. மாடியும் வீட்டில் பாதி இல்லையா?

பேனல், இன்வெர்ட்டர், எர்த்திங், இடிதாங்கி எல்லாம் மாட்டி முடித்த பிறகு, லைனிலிருந்து வருவதையும் லைனுக்குப் போவதையும் சேர்த்துக் கணக்கிடுகிற நெட் மீட்டருக்காகக் காத்திருந்தோம். அது வராமல் சோலார் இன்வெர்ட்டரை ஓட விடக் கூடாது. மின்வாரிய அதிகாரிகள் வந்து பார்த்து, மீட்டர் மாற்றி, இணையத்தில் அறிக்கை ஏற்றிய பிறகுதான் வங்கி விவரம் கேட்டார்கள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் பணம் வந்துவிட்டது.

இப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வருகிறது. பகலில் மிச்சமாவது லைனுக்குப் போய்விடும், இரவில் நாம் எடுப்பதில் அதைக் கழித்துக்கொள்வார்கள். போட்ட பணம் திரும்ப என் கணக்கில் ஆறு வருஷம் ஆகும்.

பேட்டரி இல்லாத அமைப்பு என்பதால் மின்தடை வந்தால் இதுவும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவர்கள் மேல் மின்சாரம் பாயாமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துகிற நாளில் கொளுத்துகிற வெயில் வீணாகத்தான் போகும். அதனால் வீட்டில் இருக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேனல் கழுவ போர் தண்ணீர் வேண்டாம், எங்கள் பக்கத்து உப்பு வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால் கார்ப்பரேஷன் தண்ணீரில் ஒரு துணி வைத்துத் துடைத்தால் போதும்.